கொம்பு முறிந்த பிள்ளையாரும் பெட்டிக் காசும்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் குருநாகலில் என் பெயரில் இரண்டு கடை நடந்தது. எங்கள் தீவுப் பக்கத்தில் முதன்முதல் விமானத்தில் ஏறி இறங்கியவனும் நான்தான். என்னைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். சீதேவி அக்காவைப் பற்றி எழுத ஒருவரும் இல்லாதபடியால் நானே எழுதுகிறேன்.

அக்கா என் கூடப்பிறந்தவர். கலியாணம் முடித்த அடுத்த வருஷமே புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். பிள்ளை குட்டி இல்லை. சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு துண்டுக் காணி, ஒரு கிணறு, நாலைந்து மாடு, அதுதான் அவர் சீவியம். விடியப் பால் கறந்து வீடு வீடாக ஊற்றுவார், மிஞ்சினதை நெய்யாக்கி விற்பார். ஒருவரிடமும் கை நீட்டமாட்டார். என்னிடமும்தான்.

நான் பொடியனாக இருந்தபோது, பிறத்தியார் கடையில் வேலைக்கு நிற்கவென்று ரயில் ஏறினேன். அன்றைக்கு அக்கா ஒரு நேர்த்தி வைத்தார். தம்பி சொந்தக் கடை போட்டால், கிணற்றடி அரசமரத்தின் கீழ் ஒரு பிள்ளையார் வைப்பதாக. நான் கடை போட்டேன். ஒன்றல்ல, இரண்டு. பிள்ளையாருக்கு நானே காசு தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டேன்.

"நேத்தி வைச்சது நீயோ, நானோ?" என்பார் அக்கா. "என்ர பால் காசிலதான் அவர் வரவேணும். உன்ர காசில வந்தால் அவர் உன்ர பிள்ளையார். என்ர கடன் அப்பிடியே கிடக்கும்."

அப்படியே வருஷக்கணக்காகச் சேர்த்தார். கடைசியில் கன்று போடாத இரண்டு நாகு மாட்டையும் விற்றுக் காசை என் கையில் தந்தார். உலக யுத்தம் முடிந்து மூன்றாம் வருஷம் அது. நான் புடைவை எடுக்க மதராசுக்குப் போகிற நேரம். மகாபலிபுரத்துச் சிற்பி ஒருவரிடம் முழ உயரத்தில் கருங்கல் பிள்ளையார் செய்வித்தேன். பலகைப் பெட்டி அடித்து, என் கையாலேயே வைக்கோல் அடைத்துக் கட்டினேன். நான் கட்டிய சாமான் அதுவரை பழுதாகி வந்ததில்லை.

யுத்தத்தில் மிஞ்சின விமானங்களை வாங்கி ஓட்டிய ஒரு கொம்பனியில் டிக்கெட் எடுத்து, பெட்டியையும் அதிலேயே ஏற்றினேன். பலாலியில் இறங்கி நின்று பார்க்கிறேன், இரண்டு பேர் பெட்டியை விமானக் கதவடியில் இருந்து தள்ளிவிடுகிறார்கள். அரிசி மூட்டையைக்கூட நான் அப்படித் தள்ள விடமாட்டேன். பெட்டியின் மூலை பிளந்து வைக்கோல் வெளியே வந்துவிட்டது.

வீட்டில் திறந்தோம். பிள்ளையாருக்கு ஒரு கொம்பு முறிந்ததாகத்தான் சிற்பி செய்வான், அது முறை. மற்றக் கொம்பு முழுசாக இருக்க வேண்டும். அது வைக்கோலுக்குள் தனியே கிடந்தது.

அக்கா அதை எடுத்து வைக்கோலைத் தட்டினார். பிறகு சொன்னார்: "நீ பறந்து வந்திருக்கிறாய். அவர் விழுந்து வந்திருக்கிறார்."

"யோசிக்காதேங்கோ அக்கா. என்னட்டைப் பிழை விட்டிட்டு ஒருத்தனும் தப்பினதில்லை. கொம்பனி முழுக்காசையும் வைக்கும்."

"வைச்சால் அது என்ர காசு. இன்னொருத்தரை எடுக்கலாம். வைக்காட்டில் என்ன செய்வன் தம்பி? இன்னும் இரண்டு நாகு வளத்து விக்க எனக்கு வயசு கிடக்கோ?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அடுத்த நாள் விடியவே பண்ணைத் துறைக்கு வள்ளம் ஏறினேன். பட்டணத்தில் கொம்பனியின் கந்தோரில் கிளாக்கராக வைத்திலிங்கம் என்றொருவர் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "பிள்ளையாருக்கு ஒரு கொம்பு முறிஞ்சுதானே இருக்கும், முதலாளி?"

"ஓம். ஒண்டு சிற்பி முறிச்சது. மற்றது உங்கட கொம்பனி முறிச்சது."

"அப்ப சாமானைக் கொண்டு வாரும். எது ஆர் முறிச்சதெண்டு பார்க்க வேணும்."

"கல்லுப் பிள்ளையாரை நான் தலையில வைச்சுக் கொண்டு வாறதோ? நீர் வந்து பாரும்."

"அதுக்குக் கொழும்பில கேக்க வேணும்."

கதிரையில் இருந்து எழும்பாமலே இவ்வளவும் சொன்னார். என் கடையில் வேலைக்கு நிற்பவன் வாங்க வந்த ஆளிடம் இப்படிக் கதைத்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவேன். சரி, பெட்டியோடு ஏற்றிவந்து அவர் மேசையில் வைக்கிறேன் என்று சொல்லித் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது.

"எங்க அக்கா அவர்?"

"கடலில விட்டாச்சு."

உறுப்புக் குறைந்த விக்கிரகத்தைப் பின்னமானது என்போம். பின்னமானதைக் கும்பிடக் கூடாது, வளவுக்குள் வைத்திருக்கவும் கூடாது, நீரில் விட வேண்டும். நான் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் அக்கா ஐயரைக் கேட்டு, முறிந்த கொம்போடு வெள்ளைத் துணியில் சுற்றி, சாட்டியில் மீன்பிடிக்கிற லியோனின் வள்ளத்தில் ஏற்றி ஆழத்தில் விட்டுவிட்டார். கோபத்தோடு கடற்கரைக்கு நடந்தேன். அக்கா செய்தது சரி. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

லியோன் கரையில் வலை உலர்த்திக்கொண்டு நின்றான். சங்கு குளிக்கிறவன், மூச்சடக்கத் தெரிந்தவன்.

"சொன்னால் எடுத்துத் தாறன் அண்ணை. இடம் தெரியும். அவர் எங்கையும் போயிருக்க மாட்டார்" என்றான்.

பின்னால் வந்த அக்கா விடவில்லை. "சுடலைக்குக் கொண்டுபோனதை ஆரும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாறதோ? பேசாமல் வா தம்பி."

சரி, ஆள் இல்லாவிட்டால் சாட்சி இருக்கிறதே என்று லியோனையும் வெறும் பெட்டியையும் கந்தோருக்குக் கொண்டுபோனேன். வைத்திலிங்கம் அவனைப் பார்த்தார்.

"நீர் கண்டனீரோ? எந்தக் கொம்பு முறிஞ்சு கிடந்தது?"

"நான் வேதக்காரன் ஐயா, மாதா கோயிலுக்குப் போறவன். அவருக்கு எத்தினை கொம்பெண்டே எனக்குத் தெரியாது. துணி சுத்தித்தான் தந்தவை. சரியான பாரம், அது மட்டும் சத்தியம்."

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"முதலாளி, எனக்கு விளங்குது. பின்னமானதை வீட்டில வைக்க ஏலாது. என்ர வீட்டிலயும் அப்பிடித்தான் செய்திருப்பினம். ஆனால் கொம்பனிக்கு விளங்காது. நான் இங்கிலீசில எழுதுறன், உடைஞ்சு பழுதாப் போச்செண்டு. நீர் கையெழுத்தை வையும்."

என்னால் வாசிக்க முடியாத கடதாசியில் நான் ஒரு நாளும் கையெழுத்து வைத்ததில்லை. கடை வளர்ந்தது அந்தப் புத்தியால்தான். நான் சொல்வதைத் தமிழில் அப்படியே எழுத வேண்டும் என்று நின்றேன். அவரும் எழுதினார்: 'கொம்பனியார் பெட்டியைத் தள்ளியதால் பிள்ளையார் பின்னமாய்ப் போனார்.' வாசித்துக் காட்டினார். கொம்பனிக்காரன் அழ வேண்டும், அப்படி இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

கொழும்பில் இருந்து மறுமொழி வர மழையும் முடிந்து பனியும் வந்துவிட்டது. அக்கா அதற்குள் மேசனைப் பிடித்துக் கிணற்றடியில் பீடம் கட்டி, பிள்ளையார் இருக்கும் அளவுக்குக் குழியும் விட்டுவைத்திருந்தார். நான் போகிற நேரமெல்லாம், "கொம்பனி என்னவாம்?" என்று கேட்பார். "வந்துகொண்டிருக்குது" என்பேன்.

வைத்திலிங்கம் மறுமொழியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முதலாளி, நீர் பள்ளிக்கூடத்தில பின்னம் படிச்சனீரோ?"

அரை, கால், முக்கால் என்று வரும் துண்டுக் கணக்குக்கும் பின்னம் என்றுதான் பெயராம். அது நான் காணாத வகுப்பில் வருவது. கொழும்பில் எவனோ ஒரு மொழிபெயர்ப்புக்காரன் அந்தப் பின்னம் என்று எண்ணி எழுதிவிட்டான். கொம்பனி சொல்வது இதுதான்: சாமானில் ஒரு துண்டுக்குத்தான் பழுது என்று உடையவரே எழுதித் தந்திருக்கிறார். எத்தனையில் எத்தனை பங்கு என்று சாமானைப் பார்த்தால்தான் மதிக்கலாம். சாமான் இல்லை. ஆகவே கண்ணால் கண்ட பெட்டிக்கு மட்டும் காசு.

"திருப்பி எழுதும்" என்றேன்.

"எழுதலாம். ஆனால் சாமான் எங்கையெண்டு திருப்பியும் கேப்பினம். நான் என்னத்தைச் சொல்ல? கடலில எண்டோ?"

எழுதுவித்தேன். மூன்று தரம் எழுதுவித்தேன். மூன்று தரமும் அதையேதான் கேட்டார்கள். குருநாகலில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அந்தக் கந்தோரில் மட்டும் நான் சொன்ன ஒரு சொல்லே என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

பெட்டிக் காசை அக்காவின் கையில் வைத்தேன். அதோடு என் காசையும் போட்டு ஒரு பிள்ளையார் எடுப்போம் என்று கெஞ்சினேன். ஊரில் நான் கெஞ்சி ஒருவரும் கண்டதில்லை.

"அது ஏலாது" என்றார். "பெட்டிக் காசு என்ர காசு. அதைத் தா. மஞ்சள் வாங்கலாம்."

வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் குத்தி, அந்தப் பெரிய பீடத்துக் குழிக்குள் வைப்பார். உள்ளங்கையில் அடங்கும் தேசிக்காய் அளவுதான் இருப்பார். எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதோடு நேர்த்தி தீர்ந்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தீரயில்லை. இது வட்டி. முதல் கிடக்குது."

தண்ணி அள்ள வருகிற பெண்டுகள், இவ்வளவு பெரிய பீடம் கட்டிவிட்டு ஏன் சும்மா விட்டிருக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்பார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தால் அக்கா இன்னும் கொஞ்சம் உரத்துச் சொல்வார்:

"அவர் பிளேனில வாறார் பிள்ளை. தம்பி டிக்கெட் எடுத்துவிட்டிருக்கிறான்."