"யோவ், தூக்காதய்யா!"

ஏழு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம், பட்டப்பகலில், ஏலாக்குறிச்சிக்குப் போகும் வழியில் நடந்தது இது. குரும்பலூரில் மாவு மில் நடத்துகிறேன். அப்போது என்னிடம் ஒரு பழைய நீல நிற பெட்ரோல் கார் இருந்தது. மூன்று பேர் ஓட்டித் தேய்த்ததை நாலாவது ஆளாக நான் வாங்கினேன். ஏசி கிடையாது. ஜன்னலை இறக்கிவிட்டு, நானும் என் மனைவியும் அதில் போகாத ஊர் இல்லை. இப்போதிருக்கும் காரில் எல்லா வசதியும் இருக்கிறது. அந்தச் சுகம் மட்டும் இல்லை.

அன்று மனைவியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. கிளம்பத் தாமதமானது என்னால்தான். ஆனால் வழி முழுக்க அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அரியலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், ரோட்டில் பாதி அகலத்துக்கு உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறினால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். எங்கள் பக்கமும் செய்வதுதான். மெதுவாக ஏறிப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செடி மேலேயே பிரேக் போட்டேன். என்ஜினைக்கூட அணைக்காமல் தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"ஏம்மா, ரோடு என்ன உங்கப்பன் வூட்டுக் களமா?"

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"திட்டுறத தள்ளி நிறுத்திட்டுத் திட்டுங்க சார். வண்டிச் சூட்டுக்குச் செடி பத்திக்கும்."

எனக்கே புத்தி சொல்கிறாரா என்று இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பேசி முடிப்பதற்குள் மனைவி என் தோளைத் தட்டினாள். "என்னங்க, ஏதோ கருகுது."

முன்பக்கமிருந்து புகை. செடி கொத்தாக வண்டிக்கு அடியில் சிக்கி, சூடான குழாயில் பட்டுப் பற்றிக்கொண்டிருந்தது. என்ஜினை அணைத்தேன். மனைவியை இறங்கித் தூரப் போகச் சொன்னேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன். அடுத்துச் செய்தது மடத்தனம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிடியை இழுத்தேன். பானட் ஒரு விரல் அளவு எழும்பி, கொக்கியில் மாட்டி நின்றது. ஓடிப்போய் அந்த இடுக்கில் கையை விட்டுக் கொக்கியைத் தேடினேன். குனிந்த முகம் பானட்டுக்கு நேர் மேலே.

"யோவ், தூக்காதய்யா!"

பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பட்டன் தெறித்தது. நான் பின்பக்கமாக விழுந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அதே நேரம் அந்த இடுக்கிலிருந்து நெருப்பு ஒரு முழ நீளத்துக்குச் சீறிவிட்டு உள்ளே போனது. நான் பானட்டை முழுதாகத் தூக்கியிருந்தால், காற்று கிடைத்து மொத்தமும் என் முகத்தில் அடித்திருக்கும்.

இழுத்தது அந்தப் பெண்தான். அவர் கணவர் ஓடிவந்து, சுற்றியிருந்த செடியைக் கவைக்கம்பால் விலக்கி, அடியில் சிக்கியதையும் இழுத்துப் போட்டார். அந்த அம்மா மண்ணை வாரி வாரி அடியில் வீசினார். குடத்துத் தண்ணீரில் நனைத்த சாக்கை இடுக்கில் வைத்து அடைத்தார். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

புகை அடங்கியது. உடனே எழுந்து பானட் பக்கம் போன என்னை அந்த அம்மா தடுத்தார்.

"செத்த இருங்க சார். போன வருசம் ஒரு வேன்காரரு இப்புடித்தான் டபக்குனு தூக்கினாரு. மூஞ்சி வெந்துபோச்சு."

"தெரிஞ்சும் ரோட்டுலதான் போடுறீங்க?"

"களத்துல தண்ணித் தொட்டி கட்டிட்டாங்க. எங்க போயி போடுறது? அதான் தள்ளி நிறுத்துங்கன்னு சொன்னேன்ல. கேட்டீங்களா?"

அவர் கணவர் சிரித்தார். "இவ இழுத்தா மாடே உக்காந்துரும் சார், நீங்க எம்மாத்திரம்."

தூரத்தில் நின்றிருந்த என் மனைவி அப்போதுதான் கிட்டே வந்தாள். இதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். "இத்தன வருசமா என்னால முடியலக்கா. நீங்க ஒரே இழுப்புல உக்கார வச்சிட்டீங்க."

அரை மணி நேரம் காத்திருந்தோம். மோர் கொடுத்தார்கள். உளுந்து கருகிய வாசனையும் அந்த மோரின் உப்பும் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. பிறகு அவர் கணவர் புறங்கையைப் பானட்டில் வைத்துச் சூடு பார்த்தார். ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓரமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொக்கியை விடுவித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். நாலைந்து வயர் உருகியிருந்தது. வேறு பெரிய சேதம் இல்லை. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போய், காதுகுத்து வீட்டுக்கு நாங்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. பட்டன் இல்லாத சட்டையோடு நான் நின்ற கோலத்தைச் சொல்லிச் சொல்லி மனைவி இப்போதும் சிரிக்கிறாள்.

அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "வரேம்மா" என்றேன், அவ்வளவுதான். அப்புறம் தேடிப்போய்க் கேட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ரோட்டில் செடியைப் பரப்புவது தப்பு என்றுதான் இன்னமும் சொல்வேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. அவரை அப்படிப் பேசி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் ஓடிவந்து என்னை இழுத்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், இவனுக்கு வேண்டியதுதான் என்று ஒரு நொடியாவது நின்றிருப்பேன். என் முகம் வெந்துபோக அந்த ஒரு நொடி போதும்.