தொட்டிக்குள் புறா

அந்த ரயில் நிலையத்தில் குழாய் வேலை பார்த்தவரை எல்லோரும் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவி இன்ஜின் காலத்துக் கட்டடம். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வைத்த பழைய இரும்புத் தொட்டியிலிருந்துதான் இன்றைக்கும் நடைமேடைக் குழாய்களுக்குத் தண்ணீர் வந்தது. கல் தூண்களையும் வளைவு வாசலையும் வருகிறவர்கள் வாய் பிளந்து படம் பிடிப்பார்கள். அவருக்கோ அதைப் பார்த்தாலே குமட்டும். அதன் வயிற்றுக்குள் கை விட்டவர் அவர்தானே.

நிலையத்தின் ஆண்டு விழாவுக்காக முன்பக்கம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது தண்ணீரில் வாடை அடித்தது. ஏணியேறிப் பார்த்தார். தொட்டி மூடி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே செத்த புறாக்கள் உப்பி மிதந்தன. ஏணியில் நின்றபடியே வாந்தியெடுத்தார். காலையில்தான் நடைமேடையில் தங்கை நடத்தும் கடையில் டீ குடித்திருந்தார்.

நிலைய அதிகாரியிடம் ஓடினார்.

“தொட்டியக் காலி பண்ணணும் ஐயா. புறா அழுகிக் கெடக்கு.”

“விழா முடியட்டும்ப்பா. இப்போதைக்கு ப்ளீச்சிங் பவுடரக் கொட்டு.”

“குழந்தைங்க குடிக்குதுய்யா.”

“இத்தன நாளும் குடிச்சாங்கல்ல? யாராவது செத்தாங்களா?”

அதற்கு மேல் நின்றால் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று வெளியே வந்து வால்வை மூடினார். வண்டி வந்து நின்றது. காலி பாட்டிலோடு இறங்கியவர்கள் அவரைக் கண்டபடி ஏசினார்கள். தங்கை கரண்டியும் கையுமாக வந்தாள்.

“வியாபார நேரத்துல ஏண்ணே என் வயித்துல அடிக்கிற? தெறந்து விடு.”

“உள்ள புறா செத்துக் கெடக்கும்மா.”

“அதான் நாலஞ்சு நாளாவே நாறுதே! கொதிக்க வெச்சா என்ன ஆயிடப்போகுது? இஞ்சியக் கொஞ்சம் தூக்கலாப் போட்டேன்.”

“எனக்கும் அதே டீதானா?”

“பின்ன, உனக்குன்னு தனியாக் கிணறு வெட்டுவாங்களா?”

 அவர் தொட்டித் தண்ணீரை முழுக்க வெளியே வடியவிட்டு, உள்ளே இறங்கி, புறாக்களை வெறுங்கையால் அள்ளி வெளியே போட்டார். சுவரில் ஒட்டியிருந்த வழவழப்பு போகும்வரை தேய்த்தார். ஓட்டைக்குத் தகரம் அடித்தார். எத்தனை சோப்பு போட்டும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை.

சொல் பேச்சு கேட்காததற்காக, விழாவன்று அவரைப் பின்பக்கச் சாக்கடை அள்ள அனுப்பினார்கள். கட்டடத்தின் அழகை மைக்கில் ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தது அங்கேயும் கேட்டது. காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்.

தங்கை பழையபடி சிரித்துப் பேசுவாள். அவரும் பேசுவார். ஆனால் அதற்குப் பிறகு அவள் கடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவர் கை நனைத்ததில்லை.