ஹெட்போனுக்கு வெளியே இருந்த சத்தம்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் உட்கார்ந்துதான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பழைய கிராபிக்ஸ் கார்டு செத்துப்போய் புதுசு வாங்கப் போனபோது பதுளைக் கடைக்காரர் கேட்டார்:

"கார்டோட வர்ற கூலர் விசிறியே போதுங்களா, இல்ல பெருசா ஒண்ணு தனியா பூட்டுவமா? சத்தமே வராது. ஆனா கழட்டினா வாரண்டி போயிரும்."

சூடு தாங்குமா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறதே தாங்கும் என்றார். "பனி கொட்டுற ஊர்ல பொட்டிக்கு விசிறி வீச நாலு ஆளா?" என்று சிரித்துவிட்டு, அதோடேயே வந்துவிட்டேன். வேலை ஏறினால் அந்த விசிறி ஊளையிடும். எனக்கென்ன, காதில் ஹெட்போன்.

லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் "நூறு" என்போம். அடுத்த காம்பரா அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மெசின் பக்கத்தில் இராத்திரி வேலை. பகலில்தான் தூக்கம். இதெல்லாம் தெரியாதவளா நான்?

போன மாசம் திருவிழாவைப் படம் பிடிக்க இடம் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். மண்டபத்து மூலையில், சாக்கு விரித்து, அண்ணன் சுருண்டு படுத்திருந்தார்.

"என்னண்ணே இங்க?"

பதறி எழுந்தார். "காத்தோட்டமா இருக்கு தங்கச்சி." அந்தக் குளிரில்!

பீலிக் குழாயில் தண்ணி பிடிக்கும்போது அவர் பெண்சாதியிடம் கேட்டேன். அக்கா குடத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒங்க மெசினு கத்துனா முழிச்சிருவாரு. போன வாரம் ரோலர்கிட்ட நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டாராம். கூட நின்னவங்க இழுத்திருக்காங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்ல வந்தேன்தான். அவருதான், 'நம்ம லயத்துப் பிள்ள தானா கத்துக்கிட்ட பொழப்பு, வாய வைக்காத'ன்னு தடுத்துட்டாரு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வராமலிருக்கத்தான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேனே.

பதுளைக்குப் போய் அந்தப் பெரிய கூலரை வாங்கிவந்தேன். வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்து, பழைய கூலரைக் கழற்றி, சிப்பின் மேலிருந்த சூட்டுப் பசையைத் துடைத்து, புதுசு தடவிப் பூட்டினேன். பெட்டியின் பக்கத் தகடு மூட மறுத்தது, மூடாமலே விட்டேன். அக்காவிடம் "அண்ணனை வீட்டிலயே படுக்கச் சொல்லுங்க" என்றதோடு சரி. கூலர் கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஏதோ தர்மம் செய்தவள் மாதிரி.

மறுநாள் பகலில் சுவருக்கு மேலாக அண்ணன் குரல்: "தங்கச்சி, எனக்காக வேலைய நிறுத்திப்புட்டீங்களா? கல்யாண வீட்டுக்காரங்க ஏசுவாங்கம்மா. நீங்க போடுங்க, நான் மண்டபத்துக்கே போயிர்றேன்."

"ஓடிக்கிட்டுத்தாண்ணே இருக்கு!"

நம்பவில்லை. சாக்கோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து, சுற்றுகிற விசிறிகளுக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தார். "அட, சுத்துதே!" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு கேட்டார்:

"இது மொதல்லயே கடையில இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"சரி தங்கச்சி" என்று படுக்கப் போனார். அன்றைக்கு எனக்கு ஹெட்போனை மாட்ட மனசு வரவில்லை.