எழுபத்துமூன்றுக்குப் போகும் வழி

எங்கள் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் சைக்கிளில் சுற்ற வருகிறவர்களுக்கு ஊர்ப்பெயர் தேவையில்லை. பாதைகள் சந்திக்கும் இடத்திலெல்லாம் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு எண், அடுத்த எண்ணுக்கு வழிகாட்டும் அம்புக்குறி. புறப்படும்போதே எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். பேரிக்காய்த் தோட்டங்களுக்கும் கிழங்கு வயல்களுக்கும் நடுவே நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை வழி கேட்காமல் வீடு திரும்பலாம். ஃப்ளாண்டர்ஸ்காரனுக்கு இதைவிட வேறு சுகம் ஏது?

அந்தக் கம்பங்களில் பதினான்கு, ஒடிலோன் பொறுப்பில் இருந்தன. சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு விருந்தும் ஒரு மழைக்கோட்டும் கொடுப்பார்கள். ஆப்பிள் குளிர்கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு இதை ஏற்றுக்கொண்டார். பலகையில் சாணி தெறித்திருந்தால் துடைப்பார். செடி மறைத்தால் வெட்டுவார். திருவிழாக் குடியில் எவனாவது அம்புக்குறியைத் திருப்பி வைத்திருந்தால் முகம் தக்காளியாகச் சிவந்துவிடும். பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ஒரு ஸ்பேனர் எப்போதும் அவர் கோட்டுப் பையில் கிடக்கும்.

மகள் கல்யாணத்தன்று, சூப் பரிமாறும்போது, யாரோ வாய் தவறி, "முப்பத்தொண்ணுல அம்பு கால்வாயைப் பாத்து நிக்குதே" என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் கல்யாணக் கோட்டோடு சைக்கிளில் ஏறிப் போய், ஐஸ்கிரீம் வைக்கும்போதுதான் திரும்பி வந்தார். பெண்ணின் அப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே சம்பந்தி வீட்டார் நினைத்துவிட்டார்கள். அவர் மனைவி கோதலீவ் இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.

நான் ஃபிர்மின். பால் டேங்கர் ஓட்டியவன். அவர்கள் வீட்டிலிருந்து நானூறு மீட்டரில் என் வீடு. என் கேட்டை ஒட்டி நின்ற கம்பத்தின் எண் ஐம்பத்தெட்டு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில் ஒடிலோனுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், பேச்சு, மூன்றும் போயின. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் கோப்பைப் படத்தைக் காட்டுவாள், நாய்ப் படத்தைக் காட்டுவாள். இவர் சுவரைப் பார்ப்பார். ஆறாவது வாரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் வாய் கோணியது, தொண்டை உருண்டது. பிறகு தெளிவாகச் சொன்னார்.

"அம்பத்தெட்டு."

முப்பது வருடம் டேங்கர் ஓட்டியவன், வராந்தாவில் போய் நின்று குழந்தை மாதிரி அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்றே கோதலீவ் சைக்கிள் பாதை வரைபடத்தைக் கட்டிலில் விரித்துவிட்டார். ஒடிலோனிடம் வார்த்தை இல்லை, எண் இருந்தது. முப்பத்தொன்று காபிக்கடை இருக்கும் முனை, ஆகவே காபி. நாற்பத்துநாலு பன்றிப் பண்ணை. அது கழிப்பறைக்கும் ஆகும், டிவியில் அரசியல்வாதி வந்தாலும் ஆகும்.

"டாக்டரைப் பாத்து பன்னெண்டுன்னு சொல்றார், ஃபிர்மின்," என்றார் கோதலீவ். பன்னிரண்டு எங்கள் ஊர்க் கல்லறை வாசல். "நல்லவேளை, அந்த ஆளு வெளியூர்."

எழுபத்துமூன்று பேரித் தோட்டத்து மேடு. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் பெடல் மிதிக்காமலே இறங்கலாம். அவருக்கு அது வெளியே போகலாம் என்பதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சந்தோஷத்துக்கும் சேர்த்து ஒரே சொல். பேத்தி பிறந்த செய்தி வந்தபோதும் அதையேதான் சொன்னார்.

அவருடைய பதினான்கு கம்பங்களும் ஸ்பேனரும் என்னிடம் வந்தன. அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வாங்கினார்கள். திருப்புவது கோதலீவ், பிரேக் ஒடிலோனின் இடக்கைக்கு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒடிலோன் என் கேட்டில் வந்து நின்று முழங்குவார்.

"அம்பத்தெட்டு!"

"யோவ், போதும்யா! செத்தவன்கூட எழுந்து வந்துடுவான்!" என்று கத்திக்கொண்டே நானும் சைக்கிளை எடுப்பேன். ஒவ்வொரு கம்பத்தையும் நெருங்கும்போது பலகையைப் பார்த்து எண்ணை உரக்கப் படிப்பார். பதினான்கும் சரியாக வரும். பயிற்சிப் பெண்ணால் ஆகாத காரியத்தை அந்தக் கம்பங்கள் செய்தன. அவருக்கு மிச்சமிருந்த பேச்செல்லாம் அந்தப் பாதையில்தான் நட்டு வைத்திருந்தது.

இந்த வருடம் மார்ச்சில் எனக்குக் கடிதம் வந்தது. எண்கள் எல்லாம் மாறுகின்றன. பக்கத்து வட்டாரப் பாதைகளை எங்களோடு சேர்க்கிறார்கள். ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் வழி தவறுகிறார்கள். இனி மூன்று இலக்க எண்கள். காரணம் நியாயமானது. அதுதான் என் வயிற்றெரிச்சல். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

பாதைகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி முழுக் கதையையும் கேட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"எங்க பதினாலை மட்டும் விட்டுடக் கூடாதாம்மா?"

"சீட்டுல புது எண் எழுதிட்டு வர்றவங்க உங்க ஊருக்குள்ள வந்து என்ன சார் பண்ணுவாங்க? நீங்க மாட்டலேன்னா வேன்ல ஆள் வந்து மாட்டிடுவாங்க. நீங்க மாட்டினா, அவர்கிட்ட முன்னாடியே பக்குவமா சொல்லலாமேன்னு பாத்தேன்."

பலகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய?

பழைய வரைபடத்தையும் புதியதையும் அவர் மேஜையில் விரித்து ஒரு மணி நேரம் சொன்னேன். விரல் வைத்துக் காட்டினேன். ஒடிலோன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தோளைத் தட்டி, "முப்பத்தொண்ணு" என்றார். காபி போடச் சொல்கிறார்.

"நீளமா பேசினா அவருக்குப் போய்ச் சேராது, ஃபிர்மின்," என்றார் கோதலீவ்.

செவ்வாய்க்கிழமை பதினான்கையும் மாற்றினேன். கடைசியாக என் கேட்டுப் பலகை. ஐம்பத்தெட்டு, இருநூற்று நாற்பத்தாறு ஆயிற்று. மற்ற பதின்மூன்றைப் போல இந்தப் பழைய பலகையைக் கராஜில் எறிய மனம் வராமல், துணியில் சுற்றி வைத்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார்கள். வாயைத் திறந்தவர், பலகையைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையை. பிறகு முகம் சிவந்தது. கல்யாணத்தன்று பார்த்த அதே சிவப்பு. எவனோ விஷமம் பண்ணிவிட்டான் என்று நினைத்துவிட்டார்! இடக்கையை என் கோட்டுப் பைக்குள் விட்டு ஸ்பேனரை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"அம்பத்தெட்டு! அம்பத்தெட்டு!"

மாற்றியவனே நான்தான் என்று எப்படிச் சொல்வது? கோதலீவ் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிடு, ஃபிர்மின்."

பழைய பலகையை எடுத்து வந்து புதியதன் மேல் மாட்டினேன். திருகு இறுகும் வரை கூர்ந்து பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்து, பாதையைக் காட்டி, "எழுபத்துமூணு" என்றார்.

போயிருக்கக் கூடாது. அடுத்த கம்பத்தில் மறுபடி ஸ்பேனர் கேட்டார். கையை விரித்தேன், அதன் பழைய பலகை கராஜில் அல்லவா கிடந்தது? எனக்கு நல்ல முறைப்பு கிடைத்தது. மூன்றாவது கம்பத்தில் ஸ்பேனர் கேட்கவில்லை. பலகையையே வெகுநேரம் பார்த்தார். சிவப்பு வடிந்து முகம் வெளுத்தது. ஒன்று தப்பு, இரண்டு தப்பு என்றால் விஷமம். எல்லாமே தப்பு என்றால்? இடக்கையால் தன் நெற்றியைத் தடவினார். பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடியும் தலைக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிட்டார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

நான்கு நாள் ஒரு எண்கூட வாயில் வரவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டால் மனைவியின் முகத்தையே பார்ப்பாராம். ஐந்தாம் நாள் நாற்பத்துநாலு என்றார், அதுவும் அடக்க முடியாமல்தான்.

"இதுக்குப் போய் சந்தோஷப்படுவேன்னு எங்க கல்யாணத்தப்ப யாராவது சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்," என்று கோதலீவ் சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

அதன்பின் நாங்கள் இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஞாயிறு ஒன்பதரைக்கு நான் பழைய ஐம்பத்தெட்டை மாட்டிவிட்டுக் கேட்டில் நிற்பேன். வெளியூர்க்காரர்கள் குழம்பினால் வாயால் வழி சொல்வேன். ஞாயிறன்று நூற்றுக்கணக்கில் சைக்கிள் போகிற பாதையில் இதை ஒரு கம்பத்தில் செய்யலாம், பதினான்கில் செய்ய முடியாது. ஆகவே அவர்கள் என் கேட்டு வரைக்கும் வருவார்கள், முழங்குவார், நான் திட்டுவேன், அங்கேயே திரும்பிவிடுவார்கள். நாற்பது கிலோமீட்டர் சுற்றியவருக்கு இப்போது நானூறு மீட்டர்.

திரும்பும்போது ஒவ்வொரு முறையும் கையை நீட்டி, "எழுபத்துமூணு" என்பார். "அடுத்த வாரம்" என்பார் கோதலீவ். ஒடிலோன் ஹேண்டில்பாரில் ஒரு குத்து விடுவார். அவ்வளவுதான்.

போன ஞாயிறு பேரி பூத்திருந்தது. என் கேட்டிலிருந்தே மேடு வெள்ளையாகத் தெரிந்தது. கோதலீவ் வண்டியைத் திருப்பப் போனார். ஒடிலோன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தொண்டை உருண்டது, ஆஸ்பத்திரியில் உருண்ட மாதிரியே.

"அம்பத்தெட்டு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "எழுபத்துமூணு."

என் பெயரும் அவர் வேண்டுகோளும். மூன்று வருடத்தில் அவர் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. பயிற்சிப் பெண் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பாள்.

"மழை வரும்போல இருக்கு, ஒடிலோன்," என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி, ஒரு மேகம்கூட இல்லாத வானத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பிரேக்கை விட்டுவிட்டார்.