முடி நீங்கலாக

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கும் கன்னையன், கண்ணில் படுவதையெல்லாம் மனதுக்குள் சல்லடையில் போட்டு ரகம் பிரித்துவிடுவார். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையே, முதல் ரகக் காய் நிற்கும் எட்டு எம்.எம். சல்லடையில் நிற்பானா என்று பார்த்தவர். அப்பேர்ப்பட்டவர் தன் காம்பவுண்டின் ஆறு வாடகை வீடுகளுக்கு வாசல் பலகையில் விதி எழுதினால் எப்படி இருக்கும்? அப்படியேதான் இருந்தது.

‘பிராணி வளர்ப்போர் கவனத்துக்கு. பெரிசு, மாதம் ஐநூறு. நடுத்தரம், இருநூறு. பொடி, ஐம்பது. சம்மதமில்லாதவர் ஒன்றாம் தேதிக்குள் பிராணியையோ வீட்டையோ விடவும்.’

கோழி, பூனையெல்லாம் பொடியில் அடங்கிவிட்டன. பெரிசில் மாட்டியது ஒரே ஒரு உயிர்: மூன்றாம் வீட்டு வேலுத்தாயின் பஞ்சு. போடிமெட்டுக்கு மேலே ஏதோ எஸ்டேட்காரர் விட்டுப்போன சடைநாய். அவள் மலைக்கு வேலைக்குப் போயிருந்தபோது, ஜீப்பில் அவள் மடியிலேயே உட்கார்ந்து இறங்கி வந்தது. நின்றால் வாசலை அடைக்கும்.

வேலுத்தாயைப் பார்த்தால் கன்னையனுக்குக் கொஞ்சம் பயம்கூட உண்டு. இருபது வருடமாக ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள். காயைப் போட்ட சுளகை ஒரு தட்டுத் தட்டி, ஊர்க்கதை பேசிக்கொண்டே, விதையில்லாத காயைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் தள்ளுவாள். அவள் தள்ளியதை ஒருநாள் யாருக்கும் தெரியாமல் உரித்துப் பார்த்தார். அத்தனையும் வெறுங்கூடு! அன்றைக்கு அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

ஆனாலும் விதி விதிதானே. மாதக் கடைசி நாள் காலையில் வந்து நின்றார்.

“என்ன வேலுத்தாயி, நாயை விடுறியா, வீட்டை விடுறியா?”

“ஐநூறுன்னா எனக்கு ரெண்டு நாள் கூலிண்ணே. எங்க போவேன்? இதை விட்டுட்டும் இருக்க முடியாது. ஆமா, இது பெரிசுன்னு எப்பிடிச் சொல்றீக?”

“எனக்குக் கண்ணு இருக்குல்ல?”

“பார்வைக்குப் பெருசா இருந்தா வெலை போட்டுருவீகளா? ஒரு லிட்டர் படியில அளந்து, அது எத்தனை கிராம் நிக்குதுன்னு எடை பாக்காம ஒரு காயாவது வாங்கியிருக்கீகளா நீங்க?”

கன்னையன் நாயை மறுபடி ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை அவர்.

“தள்ளி நில்லுங்கண்ணே, வேட்டி நனையும்.”

ஒரு குடம் தண்ணீரைப் பஞ்சின் தலையில் கவிழ்த்தாள். இன்னொரு குடம். வாசலை அடைத்துக்கொண்டிருந்த அந்த மாபெரும் ஜீவன் அவர் கண்ணெதிரே கரைந்தது. மிஞ்சியது நான்கு குச்சிக் கால், ஒரு மூக்கு, சங்கடப்பட்ட இரண்டு கண்கள். விலா எலும்பை எண்ணலாம். இத்தனை நாளும் இங்கே நின்றுகொண்டிருந்தது யார்? சந்நிதி முன் நிற்கிறவர் மாதிரி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டார் கன்னையன்.

“காஞ்சா மறுபடி உப்பிருமே?” குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

“உப்புறதெல்லாம் சரக்காண்ணே?”

கன்னையன் தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“சோலிக்கு நேரமாச்சு. பெரிசா, பொடியா? வெரசா சொல்லுங்க.”

“பொடிதான்.”

பழைய சேலையால் பஞ்சைத் துவட்டிவிட்டு, அவள் சுளகு தட்டப் போய்விட்டாள். கன்னையன் நேரே விதிப் பலகையிடம் போனார். அடித்துத் திருத்த மனம் வரவில்லை, எழுதியது அவராயிற்றே. கடைசி வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், ஒன்று மட்டும் சேர்த்தார்:

‘அளவு, முடி நீங்கலாக.’