மஞ்சள் ஓட்டில் அக்காவின் நடை

இனிப்புநீர் நோயில் அக்காவுக்கு இரண்டு கண்ணும் போன பிறகு, அவளை எஸ்டேட்டிலிருந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்புக்கு அழைத்து வந்தேன். முப்பது வருஷம் செம்பனை மரங்களுக்கு உரம் போட்டவள். சும்மா உட்காரத் தெரியாது. வந்த மறுநாளே கைத்தடியைத் தட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரே வாரத்தில் எங்கள் வரிசை வாசல்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கள் வாசல், துடைப்பத்தால் கீறிவிட்ட சொரசொரப்பான சிமெந்து. அடுத்த வீட்டில், கேட்டைத் தாண்டி லோங்காங் சாக்கடை வரை வழவழ டைல்ஸ். அதற்கடுத்து பிளாஸ்டிக் புல். அதையும் தாண்டினால் காலைக் குத்தும் கூழாங்கல். பதினான்கு வருஷமாக அங்கே குடியிருக்கும் எனக்கு அண்டை வீட்டார் கார்களின் நிறம் மட்டும்தான் தெரியும்.

"டைல்ஸ் வீட்டுக்காரரு பெரிய வேலையாடா?" என்று கேட்டாள்.

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ரோடு வரைக்கும் ஹாலை நீட்டி வச்சிருக்காரே. மழ பேஞ்சா மொதல்ல அவருதான் வழுக்கணும்."

அந்தச் சமயத்தில்தான் தெருவுக்கு நடைபாதை வந்தது. நடுவில் மஞ்சள் ஓடுகள். சிலவற்றில் நீளக் கோடுகள், சிலவற்றில் வட்டப் புள்ளிகள், எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அக்காவைக் கண்டதும் பூரித்துப்போனார்.

"உங்கள மாதிரி ஆளுக்குத்தான் ஆண்ட்டி இது. கோடு இருந்தா நடங்க, புள்ளி வந்தா நில்லுங்க."

"கண்ணு தெரியாதவங்க யாரையாச்சும் கேட்டீங்களாய்யா?"

"எல்லாம் பிளான்லயே இருக்கு லா, ஆண்ட்டி."

அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தனக்கென்று யாரோ ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். மறுநாள் என் கையை உதறிவிட்டு, கைத்தடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டின்மேல் விறுவிறுவென்று நடந்தாள். முப்பது அடிகூடப் போயிருக்க மாட்டாள். நங்கென்று சத்தம். கோடுகள் பிசகாமல் நேராக விளக்குக் கம்பத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தன.

நான் பதறி ஓடினேன். நெற்றி புடைத்திருந்தது. அவளோ குனிந்து கம்பத்தின் அடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னமா வெட்டிப் பதிச்சிருக்கான் பாரு! கம்பத்தச் சுத்தி வட்டமா, இடுக்கே இல்ல. வேலக்காரன்டா."

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனேன். புகார்ப் படிவத்தின் கடைசியில், பாதிக்கப்பட்டவர் இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. கண் தெரியாதவர் என்று சொன்னேன். "அப்படின்னா பெரிய எழுத்துல பிரிண்ட் பண்ணித் தரட்டுமா?" என்றார் முகப்பில் இருந்த பெண், உண்மையான அக்கறையோடு.

இரண்டு வாரம் கழித்து ஆட்கள் வந்தார்கள். கம்பத்தை நகர்த்தவில்லை. அதற்கு ஓர் அடி முன்னால் இருந்த கோட்டு ஓட்டைப் பெயர்த்துவிட்டுப் புள்ளி ஓட்டைப் பதித்துவிட்டுப் போனார்கள். இனி கண் தெரியாதவர்கள் இடித்துக்கொள்ள மாட்டார்கள்; கம்பத்தின் எதிரே மரியாதையாக நிற்பார்கள். அப்புறம் எப்படிப் போவது என்று கேட்டேன். அது அடுத்த பிளானாம்.

அக்கா பழையபடி வாசல் வாசலாகவே நடக்க ஆரம்பித்தாள். மஞ்சள் பாதையும் வீணாகவில்லை. மோட்டார் சைக்கிள்கள் அதில் வரிசையாக நின்றன. இடம் மட்டமாக இருக்கிறதென்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் பெண் ஒருவர் கம்பத்தடியில் மேசை போட்டார்.

போன மாதம் கடிதம் வந்தது. புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாம். எங்கள் மனநிறைவை ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று குறித்து அனுப்ப வேண்டுமாம். படித்துக் காட்டினேன். அக்கா கடிதத்தை வாங்கி, கட்டை விரலால் மேலும் கீழும் தடவினாள்.

"தாளு ரொம்ப ஒசத்தி. வழவழன்னு இருக்கு. நாலு போட்டு அனுப்பு."

"நாலா? எதுக்கு?"

"பாவம், எழுதி அனுப்புறாங்கல்ல," என்றவள், டீக்கடை கூட்டமாகிவிடும் என்று எழுந்து செருப்பைக் காலால் தேடினாள்.