யாரினாவிடம் நான் சொன்ன கனவு

டீ வாசனையும் இல்லை, கஷாய வாசனையும் இல்லை. மழையில் நனைந்த வைக்கோலை யாரோ வாணலியில் லேசாக வறுத்த மாதிரி... எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு அடுப்பில், அம்மாவின் பால் பாத்திரத்தில், விடியும் முன்பே ஒரு காட்டு இலை கொதிக்கும்.

கொதிக்க வைத்தவர் யாரினா.

நான் அப்போது ஒன்பதாவது படித்தேன். எதிர்வீட்டு அக்கா என்னை வாசலிலேயே மடக்கினார்.

"வீட்டுக்கு யாருடி வந்திருக்கா?"

"யாரினா."

"அதத்தான் நானும் கேக்கறேன். யாருன்னா?"

"ஆமாங்க்கா, யாரினா."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அந்த அக்கா.

யாரினாவுக்கு ஊர் தென் அமெரிக்காவில் ஈக்வடார். மழைக்காட்டுக்குள் ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். பாட்டன் பூட்டன் காலத்து நிலம். அதன் அடியில் எண்ணெய் இருக்கிறதென்று ஒரு கம்பெனி துளை போடக் காத்திருந்தது. ஊர் கூடி, சம்மதம் என்று பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் மெஷின் உள்ளே வந்துவிடும். தூக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர் இவர். வெளிநாட்டிலும் ஆதரவு கேட்கக் கிளம்பி, ஒரு கல்லூரிக் கூட்டத்துக்காகத் திருச்சிக்கு வந்திருந்தார். கூட்டம் நடத்திய குழுவில் டீச்சரான அம்மாவும் இருந்ததால், நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்.

எண்ணெய் வேண்டாம் என்று சொல்ல வந்தவருக்கு அம்மா முதல் நாள் சுட்டுப் போட்டது பூரி. யாரினா எட்டு சாப்பிட்டார்.

அவர் ஸ்பானிஷில் பேசுவார். துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே ஸ்பானிஷும் கற்றிருந்த நிவேதா அக்கா தமிழில் சொல்வார். அவரும் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார்.

யாரினா ஊரில் ஒரு வழக்கம். விடியற்காலையில் எல்லோரும் அந்த இலைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே ராத்திரி கண்ட கனவைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அன்றைக்கு ஆற்றைக் கடப்பதா, காட்டுக்குள் போவதா என்று முடிவெடுப்பார்களாம்.

முதலில் அம்மாவிடம் கேட்டார்.

"கனவா? கனவுலயும் குக்கர் விசில்தான் எண்ணிக்கிட்டிருக்கேன்னு சொல்லும்மா நிவேதா."

அடுத்து என் பக்கம் திரும்பினார். எனக்குக் கனவு வரவில்லை. ஆனால் வாய் இருந்தது.

"தொட்டியத்துல ஒரு வாழைத்தோப்பு. எல்லா வாழையும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ப்ரேயருக்கு நிக்குது ஆன்ட்டி."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை வரிசை, எந்தத் திசை பார்த்து நின்றன, காய் இருந்ததா, பூவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஸ்கூலில் நான் உண்மை பேசிய நாளில்கூட யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அந்த ருசி விடுமா?

மூன்றாம் நாள் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன்.

"உங்க வீட்டப் பாத்தேன் ஆன்ட்டி. கதவு தொறந்து கெடக்கு. உள்ள ஒருத்தரும் இல்ல. ஒரே மண்ணெண்ணெய் நாத்தம்."

நிவேதா அக்கா அதைச் சொல்லி முடித்ததும் யாரினா டம்ளரைக் கீழே வைத்தார்.

பெங்களூர், டெல்லி என்று இன்னும் மூன்று வாரம் பேச வேண்டியவர், மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார். அடுத்த வாரமே ஊர்க்கூட்டமாம். தங்கை பார்த்துக்கொள்வாள் என்று விட்டிருந்தாராம். இப்போது, உடனே வீட்டுக்குப் போகணும் என்கிறார்.

சாயங்காலம் யாரினாவோடு நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கம் போகும்போது பஸ்ஸில் நிவேதா அக்காவின் காதைக் கடித்தேன்.

"அக்கா... அது புருடா."

"எது?"

"கதவு, மண்ணெண்ணெய்... வாழையும்தான்."

"அடிப்பாவி! டிக்கெட்டே மாத்தியாச்சுடி! நீயே சொல்லு. நான் டிரான்ஸ்லேட் மட்டும்தான் பண்ணுவேன்."

கொள்ளிடத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதில் நின்றுகொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அப்படி ஒரு கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மணலில் கால் புதையப் புதைய நானும் நின்றேன்.

கடைசியில் திரும்பிப் பேசினார். நிவேதா அக்கா மெதுவாகச் சொன்னார்.

"பொய் உன்னோடது. அதக் கேட்டு வந்த பயம் என்னோடது. அது பொய் இல்லன்னு சொல்றாங்க."

பிறகு இன்னும் ஏதோ சொன்னார்.

"பத்து நாளாவே அந்தப் பயம் இருந்துச்சாம். இங்க எல்லாரும் கை தட்டறாங்களா, அதுல மறந்துட்டாங்களாம். இங்க தட்டற கைய வெச்சு அங்க ஒண்ணும் ஆகாதுங்கறாங்க."

மறுநாள் கிளம்பினார். போகும்போது என் தலையில் கை வைத்தார். மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதை மொழிபெயர்க்க நிவேதா அக்காவுக்கும்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஊர் போய்ச் சேர்ந்தார். கொஞ்சப் பேர் வித்தியாசத்தில் அந்தத் தடவை கம்பெனிக்குச் சம்மதம் கிடைக்கவில்லை. ஆனால் கம்பெனியும் மூட்டை கட்டவில்லை.

இப்போது நானும் துவாக்குடியில்தான் படிக்கிறேன், ஹாஸ்டல் வாசம். காலையில் மெஸ்ஸில் நான் வாயைத் திறந்தால் டேபிளே சிரிக்கும். சிரிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அப்போது ஒரே ஒருத்தர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்... அந்த மாதிரி ஒருத்தர் இங்கே இல்லை.

யாரினா வீட்டில் சிக்னல் கிடையாது. வாய்ஸ் மெசேஜைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, டவுனுக்கு வரும்போது அனுப்புவார். கடைசியாக வந்தது ஆடி மாதம். சென்னையில் வேலை பார்க்கும் நிவேதா அக்காதான் போனில் அர்த்தம் சொன்னார். எல்லோரும் சௌக்கியம், தங்கைக்குப் பெண் குழந்தை, மழை ஜாஸ்தி.

"அக்கா, பின்னால ஒரு மோட்டார் சத்தம் கேக்குதே, அது என்ன? கம்பெனி மெஷினா?"

"அத எப்படிடி டிரான்ஸ்லேட் பண்றது? படகா இருக்கும்."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மெசேஜ் வரவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதையே போட்டுப் போட்டுக் கேட்கிறேன். பறவைச் சத்தம், அவர் குரல், அப்புறம் அந்த மோட்டார்.

படகுதான். படகாகத்தான் இருக்கணும்.